படைவீரர் நிகழ்ச்சிக்கு நான் எழுதிய கடிதம்

கார்கில் சண்டை நடந்த கோடையில் நான் வானொலியில் தற்காலிக அறிவிப்பாளர். வயது இருபத்து மூன்று. மாதத்துக்கு ஆறு நாள்தான் வேலை என்றாலும், ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கே என் குரல் தெரியும். நான் பேசும் நேரத்தில் அப்பா எங்கள் மளிகைக் கடையில் சாமான் வாங்க வந்தவர்களைக்கூட அதட்டி உட்கார வைத்துவிடுவார்.

சண்டை தொடங்கியதும் வியாழக்கிழமை மதியங்களில் படைவீரர்களுக்காக அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஆரம்பித்தார்கள். வீரர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதும் கடிதங்களை வாசித்து, கேட்ட பாட்டைப் போட வேண்டும். எங்கள் ஒலிபரப்பு அந்த மலைவரைக்கும் எட்டுமா என்று நிலையத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டாரின் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. எல்லையிலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

இரண்டாவது வாரம் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெறும் வயது, நல்ல மனிதர். “நீயே ரெண்டு எழுதிக்கோம்மா. கேக்கறவங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?” என்றார்.

கேன்டீனில் உட்கார்ந்து எழுதினேன். தண்டையார்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைப் பலகையில் பார்த்த பெயரைச் சிப்பாய்க்கு வைத்தேன். தெருவுக்கு மூன்று பேருக்கு இருக்கும் பெயர். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ‘அம்மா, நான் சுகம். குளிர் பழகிவிட்டது. முட்டி வலியோடு தண்ணீர்க் குடம் தூக்காதே, தங்கச்சி தூக்கட்டும்’ என்று எழுதி, ஊரின் இடத்தில் தண்டையார்பேட்டை என்று போட்டேன். வாசிக்கும்போது எனக்கே குரல் கம்மியது. நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை வாசல் காவலாளி ஆள் அனுப்பினார். வெளியே ஓர் அம்மாள் நின்றிருந்தாள். துறைமுகக் கிடங்கில் கிழிந்த சாக்கு தைக்கும் வேலை. தலைமுடியெல்லாம் சணல் தூசு.

“ரேடியோல பேசுன பொண்ணு நீதானா? கொரலு அப்டியே கீது” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “எம் புள்ள தான் கண்ணு அது. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, கடுதாசியே இல்ல. இன்னா ஆச்சோன்னு சோறு தண்ணி இல்லாம கெடந்தேன். முட்டி வலிய கூட மறக்கல பாரு.”

சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. “எனுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கடுதாசிய ஒருவாட்டி தொட்டுப் பாத்துட்டுப் போய்டறேன்.”

உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்து கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் மகள் வந்தாள். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை செய்கிறவள், பத்தொன்பது வயதிருக்கும். அண்ணன் ரோந்து போன இடத்தில் பனி சரிந்து ஐந்து பேர் புதைந்துவிட்டார்கள், உடல் கிடைக்கவில்லை என்று ராணுவத்திலிருந்து ஆள் வந்து சொன்னார்களாம். பனி சரிந்தது சனிக்கிழமை. நான் வாசித்தது அதற்கடுத்த வியாழக்கிழமை.

“அம்மா ஒத்துக்க மாட்டேங்குதுக்கா. சனிக்கெயம செத்தவன் வியாயக்கெயம எப்டிடா லெட்டர் போடுவான்னு வந்தவங்க கிட்டயே சண்ட போடுது.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அது அண்ணன் கையெயுத்து இல்ல. நீங்க எய்தினதா?”

ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். “வந்து சொல்லுங்க” என்றாள், அவ்வளவுதான்.

அன்றே அவளோடு பஸ்ஸில் போனேன். ஒற்றை அறை வீடு. அம்மாள் எனக்குப் பாய் விரித்து, கலர் சோடா வாங்கி வரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. “அம்மா, அந்தக் கடுதாசிய நான்தான் எழுதினேன். உங்க பையன் எழுதல. பேரு தானா ஒத்துப் போச்சு. என்ன மன்னிச்சிடுங்க” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு என்னைக் கிட்டே இழுத்து, “உன்ன மெரட்டினாங்களா கண்ணு? இப்டி சொல்ல சொல்லி அனுப்ச்சாங்களா?” என்று மெல்லக் கேட்டாள். “பயப்படாத. நான் யாராண்டயும் உன் பேச்ச எடுக்க மாட்டேன்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அழுதேன். என் அழுகை அவள் சந்தேகத்தை இன்னும் கெட்டிப்படுத்தியது. “பாவம், சின்னப் பொண்ணு” என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நான் அந்த வேலைக்குத் திரும்பப் போகவில்லை. திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். மகன் இறந்ததாக அரசாங்கம் அறிவித்த பிறகும் அம்மாள் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்கவில்லை. வைத்தால் தானே அவனைச் சாகடித்ததாகிவிடும் என்றாளாம். பென்ஷன் வராமல், அந்த முட்டியோடு மேலும் பதினோரு வருஷம் சாக்குத் தைத்தாள். மகள் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து முப்பது வயதில் செய்துகொண்டாள். இவ்வளவுக்கும் காரணம் நான் கேன்டீனில் எழுதிய நாலு வரி. வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டு வாசிக்கும்போது சில சமயம் அந்த வரிகள் என் காதில் விழும், என் அந்த வயசுக் குரலிலேயே. சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றுகொள்வேன்.

போன மழைக்காலத்தில் அம்மாள் இறந்துபோனாள். மகள்தான் போன் செய்தாள். காரியம் முடிந்த மறுநாள் போனேன். சுவரில் அம்மாளின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே தொப்பி வைத்த மகனின் படம், மாலை இல்லாமல். அவன் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல்முறை. இடது காது கொஞ்சம் மடங்கியிருந்தது.

“அம்மா உயிரோட இருக்க சொல்லோ அண்ணன் படத்த தொட வுடல” என்றாள் மகள். மடியில் இன்னொரு மாலை இருந்தது. காலையிலிருந்தே வைத்துக்கொண்டிருந்தாள் போல, ஓரங்கள் வாடியிருந்தன. “போட்டுடலாமாக்கா?”



“போட்டுடும்மா” என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அதன் கால் ஒன்று ஆடியது. நான் குனிந்து பிடித்துக்கொண்டேன்.