பெட்டி கொடுக்காத மேனேஜ்மென்ட்

கண்டியில் வாடகைக்கு இருந்தவர்கள் முன்பெல்லாம் வீட்டுக்காரரோடு சண்டை போடலாம். அவர் மாடியில் இருப்பார், நாம் கீழே இருப்போம். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் படியில் நின்று நாலு வார்த்தை கத்தினால் போதும். மறுநாள் அவர் மனைவி ஒரு கிண்ணத்தில் பொலொஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி அனுப்பி வைப்பார், விவகாரம் அத்தோடு முடிந்துவிடும். அம்பிட்டியப் பக்கம் நாங்கள் எடுத்த வீட்டில் கத்துவதற்கு ஆள் இல்லை. வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ள டவுனில் ஓர் அலுவலகம் இருந்தது. அதற்குப் பெயர் மேனேஜ்மென்ட்.

மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்த அலுவலகம் இருந்தது. உள்ளே ஏசி போட்டிருப்பார்கள். கண்டி மழையில் நனைந்துகொண்டு போய் அங்கே உட்கார்ந்தால் குறை சொல்ல வந்தவருக்குக் காய்ச்சல்தான் மிஞ்சும். எங்கள் வீட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓர் இளைஞர், யாழ்ப்பாணத்துக்காரர். டை கட்டியிருப்பார். கோபப்படவே மாட்டார். கோபப்படாதவரோடு சண்டை பிடிப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை.

வாடகைக்கு வருகிறவர்களுக்குக் கேட்க எவ்வளவோ இருக்கும். எங்களுக்கும் இருந்தது. சாமி படம் மாட்ட ஆணி அடிக்கலாமா என்று முதல் நாளே கேட்டேன். ஆணி கூடாது என்றார். முருகன் ஃபிரிட்ஜுக்கு மேலே குடியேறினார். பால் காய்ச்சலாமா என்று கேட்டேன். காய்ச்சலாம், ஆனால் ஹோலில் செங்கல் வைத்து விறகு மூட்டக்கூடாது, கேஸ் அடுப்பில் காய்ச்சுங்கள் என்றார். நல்ல நேரத்தில் பால் பொங்கிய சமயம் அவர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு தரையோடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு யாராவது உடைத்தால் அடையாளம் வேண்டுமாம். நாங்கள் பால் பொங்கியதைப் பார்த்தோம், அவர் ஓட்டில் விரிசலைப் பார்த்தார்.

கூரை ஒழுகினால் யார் திருத்துவது? கேட்டுச் சொல்லுறம். ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்து தங்கலாமா? கேட்டுச் சொல்லுறம். நாங்கள் வேலைக்குப் போனபிறகு உங்கள் ஆள் சாவி போட்டுத் திறந்து உள்ளே போயிருக்கிறாரே, அது சரியா? அதையும் கேட்டுச் சொன்னார்கள். சரிதானாம். யாரிடம் கேட்டார்கள் என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. வீட்டுக்காரரின் நம்பரைத் தாருங்கள், நானே பேசிக்கொள்கிறேன் என்றால், "அப்பிடிக் குடுக்கிற வழக்கம் இல்லை அக்கா, அதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம்" என்பார். கடவுளுக்கும் பக்தருக்கும் நடுவில் நிற்கும் பூசாரிகூடச் சில நேரம் விலகி நின்று தீபாராதனையைக் காட்டுவார். இவர் அதுவும் செய்யமாட்டார்.

என் கணவர் யாரோடும் முகம் கொடுத்துச் சண்டை பிடிக்காத மனிதர். ஆகவே வீட்டில் அந்த இலாகா முழுவதும் என்னிடம். நான் மாநகரசபையில் கிளார்க்காக இருப்பவள். கேட்டுச் சொல்கிறேன் என்று ஆட்களைத் திருப்பி அனுப்புவது எங்கள் அலுவலகத்திலும் நடக்கிற காரியம்தான், அந்த வித்தையெல்லாம் எனக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பையனைப் பார்க்கும்போது இன்னும் எரிச்சல் வந்தது.

அந்த வீட்டுக்கு அப்பாவைக் கூட்டிவந்தேன். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனியாக இருந்தார். தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நெஞ்சு கெட்டுப்போயிருந்தது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இனி மருந்தோடு நாளைத் தள்ள வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் காதுபடத்தான் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்பாவுக்கு மேனேஜ்மென்ட் என்ற சொல் புதிதல்ல. தோட்டத்தில் துரையையும் அவரைச் சுற்றியுள்ளவர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். லயத்துக் கூரைக்குத் தகரம் வேண்டுமா, மேனேஜ்மென்ட். பிள்ளை பெற்றவளுக்கு லீவு வேண்டுமா, மேனேஜ்மென்ட். வாரத்தில் ஒரு நாள் துரை ஆபீசில் குறை கேட்பார். அன்றைக்குத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும். சாவு விழுந்தால் பெட்டிக்குப் பலகையும் மேனேஜ்மென்ட்தான் கொடுக்கும். உயிரோடு இருக்கும்போது எதைக் கேட்டாலும் முறைத்த துரைமார் பெட்டிக்கு மட்டும் முறைத்ததில்லை என்று அப்பா சொல்வார். முறைப்பானேன், அதற்குப் பிறகு அந்த ஆள் ஒன்றும் கேட்கப் போவதில்லையே.

இந்த வீடும் மேனேஜ்மென்ட் வீடு என்று நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் நான் வேலையில் இருந்தபோது அந்த இளைஞர் எனக்கு ஃபோன் பண்ணினார். குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"அக்கா, உங்கட அப்பா இஞ்ச ஒஃபீசுக்கு வந்து நிக்கிறார். உள்ளுக்கு வாங்கோ எண்டாலும் வாறார் இல்லை. கதிரையில இருக்கவும் மாட்டன் எண்டுறார்."

"என்ன கேக்குறாரு?"

"அவர் செத்தா ஹோலில வைக்க விடுவமோ எண்டு கேக்கிறார். பெட்டி நாங்கள் குடுக்கிறதோ, உங்கட ஆக்கள் வாங்கிறதோ எண்டும் கேட்டவர்."

சிரிப்பு அங்கேதான் வெளியே வந்தது. சின்னச் சிரிப்புதான். அந்தச் சிரிப்புக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். அப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மேல்படியில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். துண்டு கையில் இருந்தது. இத்தனை படியை அந்த நெஞ்சோடு எப்படி ஏறினாரோ தெரியாது. அவரைக் கீழே மருந்துக்கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு நான் மேலே போனேன்.

எங்கள் ஆட்களுக்கு இது சிரிக்கிற விஷயமல்ல. ஆஸ்பத்திரியில் உயிர் போனாலும் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, முன்னால் வைத்து, சனம் வந்து பார்த்து அழுது, அந்த வாசலிலிருந்துதான் தூக்க வேண்டும். வீட்டுக்கு வராமல் வேறெங்கிருந்தோ போன உடலை நாதியற்ற பிணம் என்பார்கள். நாற்பது வருஷம் தோட்டத்துக்கு உழைத்த மனிதருக்கு வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை. தன்னை எங்கே வைப்பார்கள் என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"எங்கப்பா கேட்டதுக்கு என்னா பதில் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அக்ரிமென்டில அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா."

"கூடாதுன்னும் இல்லையே."

"ஓம், இல்லைத்தான். ஆனா ஓனர் விரும்பமாட்டார். செத்த வீடு நடந்த இடம் எண்டு தெரிஞ்சா அடுத்த ஆக்களுக்குக் குடுக்கிறது கஷ்டம். வெள்ளைக்கொடி, பறை, சனம். பக்கத்து வீட்டுக்காரரும் கதைப்பினம். பிரேதம் வைக்க மலர்ச்சாலையள் இருக்குத்தானே, ஏசி எல்லாம் இருக்கு."

அவருக்கு ஏசிதான் சொர்க்கம்.

"ஓனருகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டுச் சொல்லுறன்."

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மேசைகளுக்குப் பின்னால் இருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். குடியிருக்கிறவர் சாகக்கூடாது என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பூனை வளர்க்கலாமா என்பதற்குப் பதில் வைத்திருக்கிறீர்கள், சாவுக்கு வைத்திருக்கவில்லையா, இதுவரை உங்கள் வீடுகளில் ஒருவரும் செத்ததில்லையா என்றும் கேட்டேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கீழே வந்தபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார். மேலே நான் போட்ட சத்தம் மருந்துக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். ஆட்டோவில் வரும்போது, "பெட்டி குடுக்காத மேனேஜ்மென்ட் என்னா மேனேஜ்மென்ட் புள்ள" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் ஒரு பையில் இரண்டு சாரத்தையும் மருந்தையும் போட்டுக்கொண்டு, குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போய்க் கலஹா பஸ் ஏறிவிட்டார். லயத்தில் பெரியப்பா மகன், என் அண்ணன் முறை, அப்பா விட்டுவந்த பழைய காம்பிரா அறையில் இருந்தார். அங்கே போய்ப் படுத்துக்கொண்டார். நான் பின்னாலேயே போய் அழுதேன், திட்டினேன், காலைப் பிடித்து இழுக்காத குறைதான்.

"வீட்டுக்கு வாங்கப்பா. ஆஸ்பத்திரி கிட்ட இருக்கு. இந்தக் குளுருல எப்புடி இருப்பீங்க?"

"ஒனக்கு அந்த வீடு வேணும். புள்ளைங்க ஸ்கூலு கிட்ட. என்னால ஒனக்கு அவனுங்களோட வம்பு வேணாம்."

"வம்பு நான் பாத்துக்குறேன்."

"நீ பாத்துக்குவ. நான் ஹோல்ல படுத்துக்கிட்டு இருக்கயில அவன் வந்து வாசல்ல நிப்பான். அது எனக்கு வேணாம் புள்ள. இங்க ஒருத்தங்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

வாராவாரம் போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் மூச்சு இன்னும் குறைந்திருந்தது. கண்டியில் என்னோடு இருந்திருந்தால் நெஞ்சு அடைத்தவுடன் கொண்டு ஓடியிருக்கலாம். அங்கே வண்டி பிடித்து, சேற்று ரோட்டில் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தோட்டத்தையும் நான் புகழப்போவதில்லை. அண்ணன் பெட்டிக்காக ஆபீசுக்குப் போனார். ஓய்வு பெற்றுப் பேர் வெட்டிய ஆளுக்குப் பெட்டி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். துரைமார் போய்க் கம்பெனி வந்தபிறகு அந்த ஒரே தர்மமும் போயிருந்தது. லயத்துச் சனம் கூடிப் பெட்டி எடுத்தது. காம்பிரா வாசலில் வைத்து, தப்பு அடித்து, அந்த வாசலிலிருந்துதான் தூக்கினார்கள். அவர் கேட்ட ஒன்று நடந்தது. மகள் வீட்டில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கண்டிப் பெரஹரா ஊர்வலம் பார்க்க வீட்டுக்காரர் அந்த வருஷம் ஊருக்கு வந்தார். வீட்டையும் பார்க்க வேண்டும் என்று வந்தார். வயதான சிங்களவர், கையில் குடை. பின்னால் எங்கள் இளைஞர் ஃபைலோடு வந்தார். வீட்டுக்காரர் தரையோடுகளைப் பார்க்கவே இல்லை. மேசையில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று, யார் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். எப்போது, என்ன வருத்தம் வந்து போனார் என்று விசாரித்தார். பிறகு, இங்கேதானே வைத்தீர்கள் என்று கேட்டார்.

இல்லை, தோட்டத்தில் என்றேன்.

ஏன் அவ்வளவு தூரம் கொண்டுபோனீர்கள் என்று அவர் கேட்டார். அந்த இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் கையைக் காட்டினார். தன் அம்மாவையும் அப்பாவையும் அங்கேதான் வைத்தார்களாம். அந்த இடத்தில் காற்று நன்றாக வருமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன் என்றார். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் வரவில்லை, வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நான் இளைஞரைப் பார்த்தேன். அவர் ஃபைலைப் பார்த்தார். கேட்டுச் சொல்லுறன் என்றவர் கேட்கவே இல்லை. அப்பா நின்ற அந்தப் படியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு ஃபோன் அழைப்புத் தூரம்தான். அப்படி ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்பதற்குப் பதிலாக, வீட்டுக்காரர் விரும்பமாட்டார் என்று அவராகவே தீர்மானித்து, என் அப்பாவை மலைக்கு அனுப்பிவிட்டார். மேனேஜ்மென்ட் என்றால் அதுதான் போலிருக்கிறது.

வீட்டுக்காரர் வீட்டுக்குப் பின்னால் இருந்த பூந்தோட்டத்தைப் பார்க்க வெளியே இறங்கினார். இளைஞர் வாசலில் ஒரு நிமிஷம் தயங்கி நின்றார். முகத்தில் ஒரு பாரம் இறங்கிய தெளிவு இருந்தது.

"அப்ப இனிப் பிரச்சினை இல்லை அக்கா. ஓனரே ஓம் எண்டிட்டார். ஹோலில வைக்கலாம்."

"யார வைக்கிறது?" என்று கேட்டேன்.