அக்காவின் ஏரி

என் அக்கா ஓர் ஏரிக்குச் சொந்தக்காரி. ஏரி மட்டுமல்ல, அதைச் சுற்றி நிற்கும் மலைகள், தார் மணக்கும் மரத்தேவாலயம், கூரையில் புல் முளைத்த பழைய வீடுகள் எல்லாமே அவளுடையவைதான். தொலைபேசியில் அவள் பேசுவதைக் கேட்டால் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். உண்மையில், நோர்வேயில் ஓர் ஏரிக்கரைப் பள்ளத்தாக்கில், அந்தக் காலத்தில் நிலத்தை உழுத கமக்காரரின் வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடத்தில், கோப்பிக் கடையில் அவளுக்கு வேலை. எனக்கு டோர்ட்மண்டில் பேக்கரி வேலை. யூரோ வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டையைச் சுரண்டிப் பேசிக்கொள்வோம்.

"உங்கட ஜேர்மனியில என்னடி கிடக்கு? ரோட்டும் ஃபக்டரியும்தானே. இஞ்ச வந்து பார், எங்கட ஏரி எவ்வளவு வடிவெண்டு" என்பாள்.

அவள் நாட்டுப் பெருமை எனக்குப் பெரிய விடயமல்ல. அடுத்ததாக அவள் தொடங்கும் கதைதான் என் வயிற்றைப் பற்றவைக்கும். சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரில், கீரிமலைக் கேணியில் நான் கால் வழுக்கி விழுந்ததும், அக்கா என்னைத் தலைமுடியில் பிடித்து இழுத்து எடுத்ததும் நடந்ததுதான், மறுக்கவில்லை. தண்ணீரிலிருந்து என்னை அவள் காப்பாற்றினாள். அந்தக் கதையிலிருந்து என்னை யாருமே காப்பாற்றவில்லை. என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். என் மகளுக்குப் பேச்சு விளங்கத் தொடங்கியதும் அவளுக்கும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் இன்னும் கொஞ்சம் பெரிதாக அலறினேன், அவள் இன்னும் கொஞ்சம் வீரமாகக் குதித்தாள். அந்தக் கதையில் நான் என்றைக்கும் பயந்தாங்கொள்ளிதான். என் அக்கா வாயால் ஒரே ஒரு தரம் என்னைப் பற்றிப் பெருமையாக ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு இதெல்லாம் ஓர் ஆசையா என்று கேட்டால், ஆம், ஆசைதான்.

ஒரு ஞாயிறு அக்கா அதே கதையை என் கணவரிடம் புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னாள். இவரும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தார். மறுநாளே நகரசபையின் நீச்சல் குளத்துக்குப் போய், பெண்களுக்கான வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

"உமக்கென்ன விசரோ? இந்த வயசில நீந்தப் போறீரோ?" என்றார் இவர்.

"ஓம், விசர்தான்" என்றேன்.

வகுப்பு வெள்ளிக்கிழமை பின்னேரம். வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு முழுகும் நாள். எப்படியும் தண்ணீருக்குள்தானே இறங்கப் போகிறோம் என்று, தலையில் வழிய வழிய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு முதல் வகுப்புக்குப் போய்விட்டேன். இறங்கிச் சற்று நேரத்தில் என்னைச் சுற்றித் தண்ணீரில் ஒரு பளபளப்பு பரவியது. பயிற்சி தரும் ஜேர்மன்காரி கையில் நீண்ட கம்போடு ஓடிவந்தாள். பொரிப்பதற்கு வைத்த மீன் மாதிரி நான் எண்ணெய்க்கு நடுவே நின்றேன். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வா என்று துரத்தினாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுதுகொண்டே தலையைக் கழுவினேன், கழுவிவிட்டுத் திரும்பிப் போய் இறங்கினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

நீச்சல் உடுப்பும் ஒரு பெரிய பாடுதான். அதற்கு மேலே இவருடைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு சில வாரம் சமாளித்தேன். அது தண்ணீரைக் குடித்துக் கனத்து என்னைக் கீழே இழுக்கிறது என்று கண்டதும் கழற்றி எறிந்தேன். யார் என்னைப் பார்க்கப் போகிறார்கள்? எல்லாருக்கும் அவரவர் உயிர் அவரவர் மூக்கில் நின்றது. ஜேர்மன்காரி சொல்லித் தந்ததில் ஒன்று மட்டும் முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் கை காலை அடிக்காதே, மல்லாந்து படு, தண்ணீர் உன்னைத் தாங்கும் என்பாள். குளிர்காலம் முடிவதற்குள் குளத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை போய்த் திரும்பக்கூடியவளாகிவிட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கடற்குதிரைச் சின்னத்தை எனக்கும் தந்தார்கள். அதைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன். அக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்று நாங்கள் கும்பிடப் போகும் ஊன்ட்றொப் கோயில் அம்மன்மேல் இவரிடம் சத்தியம் வாங்கினேன்.

கோடை விடுமுறைக்கு மகளையும் ஏற்றிக்கொண்டு காரில் புறப்பட்டோம். டென்மார்க்கைக் கடந்து, கப்பலில் காரையும் ஏற்றி, கட்டிக்கொண்டு போன புட்டைத் தின்று முடித்து, மறுநாள் பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம். பொய் சொல்லக் கூடாது, ஏரி வடிவுதான். மலையும் வானமும் அப்படியே அதற்குள் கிடந்தன. நான் வாய்பிளந்து நின்றதை அக்கா பார்த்துவிட்டாள்.

"என்ன, உங்கட ஃபக்டரியை விட வடிவோ?" என்றாள்.

அடுத்த நாள் காலையிலேயே எங்களைச் சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டாள். கறுப்பேறிய மரவீடுகளின் வாசல்கள் அவ்வளவு பதிவு, குனியாமல் நுழைய முடியாது. சூடு வெளியே போகாமலிருக்க அப்படிக் கட்டினார்களாம். "குனிஞ்சு வாங்கோ, குனிஞ்சு வாங்கோ" என்று தானே கட்டிய வீட்டுக்குள் கூப்பிடுவதுபோல் அக்கா முன்னால் போனாள். எலி ஏறாமலிருக்கக் கால்களில் தூக்கி நிறுத்திய தானியக் களஞ்சியம், ஓடைத் தண்ணீரில் சுற்றும் மாவரைக்கும் ஆலை, எல்லாவற்றுக்கும் அவளிடம் விளக்கம் இருந்தது. இவர் ஒரு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"வீட்டுக்கு மேல புல்லு நிண்டால் எங்கட ஊரில ஆளில்லாத வீடெண்டு சொல்லுவினம் அக்கா" என்றார்.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். இவர் கவனமாகக் குனிந்து அடுத்த வீட்டுக்குள் நுழைந்துகொண்டார்.

கடைசியாக ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். ஒரு பழைய இறங்குதுறை. அக்கரையில் இருந்தவர்கள் அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய வள்ளங்களில் துடுப்பு வலித்து இங்கே வந்துதான் பூசை கண்டார்களாம். இப்போது அது குளிக்கும் இடம். கரையிலிருந்து நல்ல தூரத்தில் ஒரு மரத் தட்டை மிதக்கவிட்டிருந்தார்கள். ஊர்க்காரர் சிலர் நீந்திப்போய் அதில் ஏறி வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, நீ எப்பவாவது இதுக்குள்ள இறங்கினனியோ?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன, இது பாக்கிறதுக்குத் தண்ணி" என்றாள். "பனி உருகி வாற தண்ணியடி. எனக்கே ஏலாது, உன்னைப்போல ஆக்கள் விறைச்சுச் செத்துப்போவினம்."

உன்னைப்போல ஆக்கள். அது போதும். மேலே போட்டிருந்த உடுப்பைக் கழற்றினேன். உள்ளே நீச்சல் உடுப்போடுதான் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தேன். அக்கா கண்ணை மூடித் திறப்பதற்குள் இறங்குதுறையின் ஏணியால் இறங்கிவிட்டேன்.

ஐயோ, அந்தக் குளிர்! டோர்ட்மண்ட் குளத்துத் தண்ணீர் அதற்குப் பக்கத்தில் கொதிதண்ணீர். மூச்சு நின்றுவிட்டது. கை காலெல்லாம் என்னுடையவை இல்லை. கீழே பார்த்தால் கறுப்பு, அடி தெரியவில்லை. மேலே அக்கா, "எடியே, ஏறடி! விசரி, ஏறடி!" என்று குழறினாள். ஏணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிடித்து ஏறியிருப்பேன். ஏறினால் சாகும்வரை இரண்டு கதைகள் கேட்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் மல்லாந்து படுத்தேன். தண்ணீர் தாங்கியது. வானம் நீலமாக இருந்தது. காதுக்குள் தண்ணீர் போனதால் அக்காவின் குரலும் கேட்கவில்லை. நெஞ்சு அடங்கியதும் புரண்டு, தவளைபோலக் கையை விரித்து, காலை உதைத்து, தட்டைப் பார்த்துப் போனேன். போகப் போகத் தட்டும் பின்னால் போவதாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு கட்டத்தில் என் கை மரத்தில் பட்டது.

மேலே ஏறி எழுந்து நின்றேன். பல் கிட்டியது, ஆனால் நின்றேன். சுற்றிலும் மலை, நடுவில் நான். இரண்டு கைகளையும் உயர்த்தி ஒரு கூச்சல் போட்டேன். அப்படிக் கத்தியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பக்கத்திலிருந்தவர்கள் ஏனென்று தெரியாமலே கை தட்டினார்கள். கரையில் மகள் துள்ளிக் குதித்தாள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பி நீந்தி வந்து ஏறியதும் அக்கா முதுகில் ஒன்று போட்டாள். பிறகு துவாயால் தோல் உரியும்படி துடைத்தாள். அவள் முகம் நனைந்திருந்தது.

"சளி பிடிக்கப்போகுது" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வருமென்று பார்த்துக்கொண்டே நின்றேன். "ஒரு மணிக்கு எனக்கு வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் குளிர்கூடத் தெரியவில்லை.

பின்னேரம் இவர் கோப்பி குடிக்க வேண்டும் என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நானும் போனேன். கடையில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாஃபிள் பணியாரத்துக்கு மா ஊற்றும் கரண்டியோடு இரண்டு வயதான பெண்களிடம் நோர்வே மொழியில் ஏதோ அளந்துகொண்டிருந்தாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் ஜேர்மன் பழகிய காதுக்கு அது அப்படியொன்றும் அந்நியமில்லை. 'என் தங்கை' என்பது விளங்கியது. 'நீந்தினாள்' என்பதும் விளங்கியது. கரண்டியைப் பிடித்த கையையும் மற்றக் கையையும் விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, கடைக்குள்ளேயே நீந்திக் காட்டினாள். வாஃபிள் மா மேசையெல்லாம் சிந்தியது. அந்தப் பெண்கள் எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்க வேண்டும். அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினாள். மரத் தட்டை அல்ல. அதையெல்லாம் தாண்டி, நீலமாகத் தெரிந்த அக்கரையை.

அந்த நேரம் திரும்பியவள் என்னைக் கண்டாள். கை இறங்கவில்லை. கண்ணைக்கூட எடுக்காமல், அந்தப் பெண்களிடம் என்னைச் சுட்டிக் காட்டினாள். அவர்கள் வாயில் கையை வைத்தார்கள்.

நான் திருத்தவில்லை. அக்கரையிலிருந்து அப்போதுதான் வந்தவள்போல நிமிர்ந்து நின்றேன்.