பியானோ அம்மையார் கதையில் நான் மறைத்த பக்கம்

தொண்ணூறுகளின் நடுவில் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோ நகரில் மாணவர்களுக்குப் பியானோ பழக்கிக்கொண்டிருந்தேன். அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்டின் வரவேற்பறையில் ஒரு பழைய பியானோ. சனிக்கிழமைகளில் கதவடியில் சப்பாத்துகள் குவியும். ஹீட்டரின் மேல் ஈரக் கையுறைகள் காயும். ஒரே ஸ்கேலைப் பத்துப் பேர் பத்து விதமாக வாசிப்பார்கள். அந்தச் சனிக்கிழமைகளுக்கு மனம் இன்றும் ஏங்குகிறது. ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறொன்று.

1. ரெஜினா

மன்னாரைச் சேர்ந்தவர். வயது நாற்பது. பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. தேவாலயத்தில் கிறிஸ்துமஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, நடக்கும் தமிழ்ப் பூசையில் ஒரு பாட்டாவது வாசிக்க வேண்டும் என்று வந்தார்.

எல்லோருக்கும் சொல்வதுபோல அவருக்கும் முதல் நாளே ஒரு கதை சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் கச்சேரி செய்த பியானோ அம்மையார் ஒருவர். கணவரை இழந்தும் பிள்ளைகளை வளர்த்து, மேடையிலும் வாசித்து, முதுமையிலும் மாணவர்களைப் பழக்கியவர்.

"உவவுக்குச் சமைக்க ஆள் இருந்திருக்கும், மாஸ்டர்," என்றார் ரெஜினா.

விசைகளை மேலிருந்து அடிக்கக் கூடாது, விரல் நுனியால் பதிய அழுத்த வேண்டும் என்பது அம்மையார் பழக்கிய முறை. ரெஜினாவுக்கு அது சீக்கிரமே கைவந்தது. ஒரு கிழமைகூடத் தவறவிடாமல் வந்தார்.

2. நத்தாருக்கு இரண்டு கிழமை முன்பு

"மாஸ்டர், மணிக்கட்டு எரியுது. இண்டைக்கு விடுவமே?"

என் மாணவிதான் வாசிப்பார் என்று தேவாலயப் பாடகர் குழுத் தலைவரிடம் ஏற்கெனவே பெருமையடித்திருந்தேன்.

"அத்தனை பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு வாசிச்சவ அவ. உமக்கு இந்தக் கைநோவு பெரிசே?" என்று அம்மையாரைக் காட்டி அதட்டினேன்.

அவர் முகம் சுருங்கியது. திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். அதன்பின் நாள்தோறும் வேலை முடிந்து வந்து வீட்டுக் கீபோர்டிலும் வாசித்திருக்கிறார். கடைசியில் டாக்டர், மாதக்கணக்கில் பியானோவைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

நத்தாரன்று வேறொருவர் வாசித்தார். ரெஜினா கையில் கட்டுடன் சனங்களோடு நீண்ட வாங்கில் உட்கார்ந்து பாடினார்.

அம்மையாரைப் பற்றி நூலகத்தில் எடுத்த புத்தகத்தை நான் முழுதாகப் படித்திருந்தேன். கைநோவால் கச்சேரிகளை ரத்துச் செய்து அவர் நீண்ட காலம் ஓய்ந்திருந்தார் என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. மாணவர்கள் பாடத்தைத் தட்டிக்கழிக்க அதைச் சாட்டாகச் சொல்வார்கள் என்று பயந்து, அந்தப் பக்கத்தை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை. பூசை முடிந்ததும் கார் பார்க்கில் வைத்து ரெஜினாவிடம் இதை ஒப்புக்கொண்டேன்.

"அவவுக்கும் நொந்ததோ?" என்றார். கட்டுப் போட்ட கையைத் தடவினார். பிறகு, "முதலே சொல்லியிருந்தா நானும் வெக்கப்படாம நிப்பாட்டியிருப்பன், மாஸ்டர்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அதன்பின் அவர் வகுப்புக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த எல்லோரிடமும் பாடம் தொடங்குமுன் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நோகிறது என்றால் பியானோவை மூடிவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். நீங்களும் பெரிய கலைஞர்களின் கதையைச் சொல்லித்தான் பழக்குவீர்கள். அவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.