குப்பம்மாவின் ஓட்டு

கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்த முதல் வாரம் மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கையிலிருந்த போத்தலைப் பார்த்துவிட்டு, "டப்பு கீதா?" என்றார். தப்பு இருக்கிறதா என்று கேட்பதாகவே என் காதில் விழுந்தது. எங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, பாஸ்போர்ட்டிலும் குடும்ப அட்டையிலும் சீல் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லி, மடியிலிருந்த காகிதங்களை வெளியே எடுத்தேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காசு இருக்கிறதா என்பதைத்தான் இந்த ஆந்திர எல்லைப் பக்கத்தில் அப்படிக் கேட்பார்கள் என்று ஒரு பெண் பிறகு விளக்கினாள். தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் புரியாமல் நின்றது அன்றைக்குத்தான் தொடங்கியது.

இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல் தலைமன்னாரில் கப்பலேறி வந்து திசைக்கொருவராய்ச் சிதறிப்போனவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தோட்டத்தில் எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அறைக்கு அங்கே அப்படிப் பெயர். எட்டாவது வரை படித்திருந்ததால் அந்த வேலையை எனக்குத் தந்தார்கள். அங்கே எங்களுக்கு ஓட்டு இல்லை. தேர்தல் வந்தால் சிங்கள நாட்டுப்புறத்தார் வெள்ளை உடுத்தி ரோட்டில் போவார்கள். நாங்கள் மலைமேலிருந்து பார்த்துக்கொண்டிருப்போம். நீங்கள் இந்தியாக்காரர்கள் என்றார்கள். இந்தியாவுக்கு வந்தபின் சிலோன்காரர்கள் என்றார்கள். மண்டபம் முகாமில் எங்கள் கையில் கொடுத்த சீட்டில் கும்மிடிப்பூண்டி என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரை நாங்கள் அதற்குமுன் கேட்டதே இல்லை.

பாக்கியமும் எங்களோடு அதே கப்பலில் வந்தவள். தோட்டத்தில் ஒரே லயத்தில், அந்த நீள வரிசை வீட்டில், அடுத்தடுத்த அறை. இங்கே அடுத்தடுத்த குடிசை. கப்பலில் நான் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தபோது என் மகளைத் தன் மடியில் போட்டுக்கொண்டு வந்தவள் அவள்தான். இங்கு வந்த இரண்டாம் வருஷம் அவள் புருஷன் வேலை தேடிப் போகிறேன் என்று சொல்லிப்போனவர் திரும்பவில்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இரும்பு ஆலைகள் வெளியே கொட்டும் கசடில் துண்டு பொறுக்கி விற்றாள்.

எழுபத்தேழில், ஒரே வருஷத்தில் இரண்டாவது தடவையாகத் தேர்தல் வந்தது. அந்தச் சமயம் என் கணவர் ஆலையில் காலைச் சுட்டுக்கொண்டு படுத்திருந்தார். தினக்கூலிக்குப் போனவர் என்பதால் படுத்த நாளிலிருந்து சம்பளம் இல்லை. அந்த நிலையில் என் தங்கை சரசுவிடமிருந்து கடிதம் வந்தது. அவள் புருஷன் தோட்டத்திலேயே இறந்துபோய், பையனோடு தனியாகக் கப்பலேறி மண்டபத்துக்கு வந்திருந்தாள். அழைத்துப்போகச் சொந்தக்காரர் யாரும் வராவிட்டால், அடுத்த வாரம் ஆந்திராவில் ஏதோ நூற்பாலைக்குப் போகும் கூட்டத்தோடு சேர்த்து அனுப்பிவிடுவார்களாம். "அக்கா, எப்படியாவது வந்து கூட்டிக்கிட்டுப் போ. எனக்கு அந்தப் பாஷை தெரியாது" என்று எழுதியிருந்தாள். ரயிலுக்குப் பாதிக் காசுகூட எங்களிடம் இல்லை. கேட்க ஆளும் இல்லை.

கிராம முன்சீப் வீட்டுத் தலையாரி எங்கள் குடிசைப் பக்கம் வந்தது அப்போதுதான். ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொள்ள, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டுமாம். ஒரு நாள் வேலை, சாயங்காலமே கூலி. உள்ளூர்ப் பெண்ணைப் போட்டால் அந்தக் கட்சி, இந்தக் கட்சி என்று சண்டை வருமாம். "உனுக்குத்தான் ஓட்டே இல்லியே, ஒருத்தனும் பேஜாரு பண்ண மாட்டான்" என்றார். எங்கள் காலனிக்காரர் பெயர்கள் இங்கே வாக்காளர் பட்டியலில் இன்னும் ஏறியிருக்கவில்லை. ஓட்டில்லாதது எனக்கு ஒரு வேலை வாங்கித் தந்தது. நான் பாக்கியத்திடம்கூடச் சொல்லாமல் விடியுமுன் கிளம்பினேன். எனக்குக் கிடைத்ததை இன்னொருத்தி கேட்டுவிடுவாளோ என்று பயம். அதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

சாவடிக்குத் தலைமை அதிகாரி திருவள்ளூரிலிருந்து வந்த ஒரு தலைமையாசிரியர். மை வைக்கும் குமாஸ்தா விரலைத் தொட வந்தால் மீனவப் பெண்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அதனால் மைக்குச்சியை என்னிடமே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, பழைய மை இருக்கிறதா என்று பார்த்து, நகத்தின் மேல் கோடு இழுத்தேன். வலை இழுத்துக் காய்ப்பேறிய விரல்கள், நாற்று நட்டு வெடித்த விரல்கள். தோட்டத்துப் பெண்களின் விரலை மட்டும் நான் பார்த்ததுமே சொல்லிவிடுவேன். கொழுந்தின் கறை விரல் வெடிப்புக்குள் கறுப்பாக இறங்கியிருக்கும், எத்தனை வருஷமானாலும் முழுக்கப் போகாது. உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அப்படி ஒரு விரல் என் கைக்குள் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பாக்கியம்.

"குப்பம்மா, புருஷன் பேரு முனுசாமி" என்று குமாஸ்தா பட்டியலைப் பார்த்துப் படித்து முடித்திருந்தார். பாக்கியம் என்னைக் கண்டதும் ஒரு கணம் மலர்ந்தாள். நல்லவேளை, நீ இருக்கிறாய் என்பதுபோல். அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கட்சி ஏஜெண்ட் எழுந்தார்.

"நிறுத்துங்க சார். குப்பம்மா செத்து ஆறு மாசம் ஆவுது. நானே மண்ணு போட்டுட்டு வந்தேன்."

இன்னொரு கட்சிக்காரர், இவள்தான் குப்பம்மா என்று சாதித்தார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, புருஷன் பெயர் என்ன என்று பாக்கியத்திடம் கேட்டார். "முனுசாமிங்க" என்றாள். ஏஜெண்ட் சிரித்தார். இந்தப் பக்கத்தில் எந்தப் பெண் இப்படி 'ங்க' போட்டுப் பேசுகிறாள், இது சிலோன் காலனிப் பேச்சு, அதோ மை வைக்கிற அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள், அவளையே கேளுங்கள் என்றார்.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "இந்தம்மாவை உனக்குத் தெரியுமாம்மா?"

அவள் விரல் அப்போதும் என் கைக்குள்தான் இருந்தது. குப்பம்மா என்று சொன்னால் அரசாங்க வேலையில் பொய் சொன்ன குற்றம். பாக்கியம் என்று சொன்னால் நானே அவளைப் பிடித்துக் கொடுத்ததாகும். மண்டபத்தில் சரசு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் இருப்பதாக நினைத்தேன்.

"தெரியாதுங்க சார்" என்றேன்.

பாக்கியம் மெதுவாக விரலை உருவிக்கொண்டாள். வெளியே நின்ற போலீஸ்காரர் வந்து அவளை அழைத்துப்போனார். அவளுக்குப் பின்னால் நின்ற பெண் விரலை நீட்டினாள். நான் மை வைத்தேன்.

சாயங்காலம் பெட்டிக்கு அரக்கு வைத்துச் சீல் போட்டபின், தலைமையாசிரியர் என்னிடம் கையெழுத்து வாங்கிக் கூலியைத் தந்தார். கெட்டவர் இல்லை, அந்தப் பெண்ணைப் பற்றி அவருக்கும் உறுத்தலாகவே இருந்தது. "யாராச்சும் ஒருத்தர், இது இன்னார், எனக்குத் தெரிஞ்ச பொம்பளைன்னு சொல்லியிருந்தா, நாலு வார்த்தை திட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். யாருக்குமே தெரியாத ஆளை நான் எங்கம்மா அனுப்புறது?" என்றார்.

அந்தப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எப்படிக் குடிசை வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. பாக்கியத்தின் மூன்று பிள்ளைகளும் என் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சேலையும் ஒரு மரக்கால் அரிசியும் தருவதாக யாரோ சொன்னார்கள், அம்மா போனாள் என்று மூத்தது சொன்னது. என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாசலிலிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "சரசுவுக்காவது சோறு போட ஒரு மில்லு இருக்கு" என்றார்.

மறுநாள் காலை போலீஸ் நிலையத்துக்குப் போய், அவளை எனக்குத் தெரியும், பெயர் பாக்கியம் என்றேன். நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். பொன்னேரியில் நீதிபதி விடுப்பு என்பதால் திருவள்ளூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். ரயிலேறிப் பட்டணம் போய், அங்கே வண்டி மாறித் திருவள்ளூர் போனேன். ஜாமீனுக்கு நிலவரி ரசீது வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் வேண்டும். நிலத்துக்கு நாங்கள் எங்கே போவோம். ஒரு வக்கீல் குமாஸ்தா, கையெழுத்துப் போட ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்லி என் முந்தானை முடிச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டார். மூன்று நாள் நீதிமன்ற வாசலில் கிடந்தேன். நாலாம் நாள் பாக்கியம் வெளியே வந்தாள். சரசுவுக்கு, என்னால் வரமுடியவில்லை என்று ஒரு கார்டு எழுதிப்போட்டேன். அது போய்ச் சேருமுன் அவளைக் கர்னூலுக்கும் அப்பால் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

திரும்பி வந்த ரயிலில் பாக்கியம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். திருநின்றவூர் தாண்டும்போது நான் அழ ஆரம்பித்தேன். அவள் திரும்பாமலே சொன்னாள்: "நான் குப்பம்மான்னுதானே சொன்னேன். குப்பம்மாவ உனக்குத் தெரியாதுதானே. நீ பொய் சொல்லல." அது மன்னிப்பா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வழக்கு அபராதத்தோடு முடிந்தது. சில மாதம் கழித்து அவள் பிள்ளைகளோடு நீலகிரிப் பக்கம் தேயிலை பறிக்கப் போய்விட்டாள்.

சரசு இரண்டு வருஷம் கழித்துத்தான் பையனோடு ஒருமுறை எங்களைப் பார்க்க வந்தாள். பையன் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடாமல் "பெத்தம்மா" என்றான். அவனுக்குத் தெலுங்குதான் வாயில் வந்தது. தோட்டத்திலேயே தங்கிவிட்ட எங்கள் தம்பியின் கடிதமும் தற்செயலாக அன்று வந்திருந்தது. அவன் இந்த நாட்டுக் குடியும் இல்லை, அந்த நாடும் அவன் குடியுரிமை மனுவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நான் உரக்கப் படிக்க, சரசு தன் மகனுக்குத் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகள் இந்த ஊர்ப் பேச்சில், "மாமா இன்னாமா எய்திக்கினு கீறாரு?" என்று குறுக்கே கேட்டாள். எல்லாரும் ஒருமுறை ஊருக்கு வந்து போங்கள் என்று எழுதியிருக்கிறான் என்றேன்.

"ஏ ஊரு?" எந்த ஊர் என்று கேட்டான் சரசுவின் மகன்.

சரசு வாயைத் திறந்து, என்னைப் பார்த்தாள். நான் கடிதத்தைப் பார்த்தேன். என் மகள் மட்டும் யோசிக்காமல் தரையைக் காட்டினாள். வெளியே ஆந்திராவுக்குப் போகும் வண்டி ஓசையிட்டுக் கடந்தது. அந்தப் பையன் எழுந்து, வாசலுக்கு ஓடி, அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.