பேய்க்கு ரொட்டி கொடுத்தவள் பெயர்

எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் படம் காட்டும் அரசாங்கப் படவண்டி வேலைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தூரம் பிடிப்பது, ரீல் அறுந்தால் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் ஆபரேட்டர் சாமுவேல் அண்ணன் சொல்லிக் கொடுத்துவிடுவார். இதை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும்.

1

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம். திரையில் வெள்ளைக்காரர்கள் பேசப் பேச, கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து உடனுக்குடன் தமிழில் சொல்வது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். எங்கள் ஊரான ரஹாங்கில் வீட்டுக்கு யார் வந்தாலும், மகன் கவர்மெண்டு மைக்கில் பேசுகிறான் என்று அம்மா சொல்லாமல் அனுப்பமாட்டார்.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. படம் போடுவதற்கு முன் அந்த எஸ்டேட்டின் மேஸ்திரியை, மண்டோரைப் பிடித்து, இங்கே வாயாடி யார், சோம்பேறி யார், குடிகாரன் யார் என்று கேட்டுக்கொள்வேன். படத்தில் வருகிறவர்களுக்கு அந்தப் பெயர்களை வைத்துப் பேசுவேன். வெள்ளைக்காரப் பெயர் யார் வாயிலும் நுழையாது; தங்கள் ஆட்களின் பெயரைக் கேட்டால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் கெட்டிக்காரன் என்று எனக்கே நினைப்பு.

கோலா கிளாவாங் போகும் வழியில் ஒரு ரப்பர் எஸ்டேட். அதன் துரை பிரெஞ்சுக்காரர். அவரிடம் அவர் ஊர்ப் படம் ஒன்று இருந்தது. உங்கள் அரசாங்கப் படங்கள் முடிந்ததும் இதையும் போடுங்கள், என் ஆட்கள் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று பெட்டியைக் கொடுத்தார். மத்தியானம் ஆபீஸ் அறையில் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ரொட்டிக்காரன் ஒருவன் செத்துப்போகிறான். மேலுலகத்தில் கணக்கு எழுதும் கிராணி பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உன் பசி இன்னும் அடங்கவில்லை, இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். பேயாக ஊருக்கு வருகிறான். அவன் பெண்டாட்டி கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். அவள் பாவாடைக்குள் ரொட்டியை ஒளித்துக் காட்டோரம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ரொட்டி அந்தரத்தில் நின்று கடி கடியாகக் குறைகிறது. பக்கத்தில் ஒரு வாத்து மட்டும் அதைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுகிறது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். வந்த உடனே நின்றுவிடும்.

மண்டோரிடம் வாயாடிப் பெண் யார் என்று கேட்டேன். "அஞ்சலதான். பொதுச் சமையல்ல கரண்டி புடிக்கிறவ. புருசன் இல்ல, ரெண்டு பொட்டப் புள்ள. அவ வாய்க்கு தொரையே ஒதுங்கிப் போவாருலா," என்றார். எழுதிக்கொண்டேன்.

2

அப்போதெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் யாரும் அரிசி வைத்திருக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே இடத்தில் சோறாக்கிக் கொடுத்தார்கள். காட்டில் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, பாலெடுக்க மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டிலேயே தடவிப் பார்த்து அனுப்பினார்கள். ஒரு கைப்பிடி கொடுத்ததாகச் சந்தேகம் வந்தாலும், கேஸ் இல்லாமலே உள்ளே வைத்துவிடலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. அன்று பொழுது சாய்ந்ததும் முதலில் நான் மைக்கில் படித்தது அந்த அறிவிப்பைத்தான். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுக்காதீர்கள், கொடுப்பவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள். படித்து முடித்து அதே மைக்கில், அதே குரலில், துரையின் படத்துக்குப் பேச ஆரம்பித்தேன்.

"இந்தா பாருங்க, நம்ம அஞ்சல ரொட்டிய எங்க ஒளிக்கிறா பாருங்க. காட்டோரம் போறா. யாருக்குக் குடுக்கப் போறா? ஆளக் காணோம், ரொட்டி மட்டும் காணாமப் போவுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்க, இன்னும் இரண்டு முறை அஞ்சலை பெயரைச் சொன்னேன். நடுவில் ஒரு பெண் எழுந்து, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துப் பக்கம் போனார். யார் என்று நான் கவனிக்கவில்லை. வாத்து வரும் இடத்தை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வண்டியில் சாமான் ஏற்றும்போது மண்டோர் வந்தார். அஞ்சலையைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது என்றார். கவர்மெண்டு ஆளே மைக்கில் சொல்லிவிட்டார், அவருக்கு விவரம் தெரியாமலா என்று கேட்டில் காவல் நிற்கிறவர்கள் பேசிக்கொண்டார்களாம்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "படத்துல உள்ளதத்தான் சொன்னேன். அதுக்கு நான் என்னா பண்ணுறது?"

வண்டி அடுத்த எஸ்டேட்டுக்குப் போனது. நானும் அதில் போனேன். போய்ச் சொன்னால் என் வேலை போகும் என்ற பயம்தான். மூன்றாம் நாள் சாப்பிடும்போது சாமுவேல் அண்ணன் கேட்டார். "மைக்கப் புடிச்சப்ப இருந்த வாயி இப்ப எங்க தம்பி போச்சு?"

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். அவரும் எழுந்து வண்டியைத் திருப்பினார்.

3

கோலா கிளாவாங் ஸ்டேஷனில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அப்படியானால் அந்தப் படத்தைக் காட்டு என்றார். துரையே பெட்டியைக் காரில் கொண்டுவந்தார். சாப்பாட்டு அறை ஜன்னல்களைக் கம்பளியால் மூடிப் படத்தை ஓட்டினோம். அஞ்சலையை அழைத்து வந்து முன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அன்றுதான் அவர் முகத்தை முதல் தடவை பார்த்தேன். துரையை ஒதுங்கவைக்கும் வாயாடி என்று யாரும் சொல்லமுடியாது. பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குப் பேசியதை ஒரு வார்த்தை மாற்றாமல் பேசு என்றார் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் மொழிபெயர்த்தார். பெயர் வரும் இடத்தில் நிறுத்தினேன். தொடர்ந்து சொல் என்றார். சொன்னேன். அஞ்சலை மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்க, மூன்று தடவை அவர் பெயரைச் சொன்னேன்.

ரொட்டி அந்தரத்தில் குறைந்தபோது இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். வாத்து வந்ததும் துரையும் சிரித்தார். போதும் என்று பாதியிலேயே விளக்கைப் போடச் சொன்னார்கள். அஞ்சலை போகலாம் என்றார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. அவருக்குத்தான் போனது. சந்தேகத்தில் போய் வந்தவரைச் சமையற்கட்டில் விடமுடியாது என்று சொல்லி, மரம் வெட்ட அனுப்பிவிட்டார்கள்.

அதெல்லாம் பிறகு. அன்று அவரை எங்கள் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டோம். அவர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால், பெட்டிகளோடு. லயத்தருகே இறங்கியதும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அக்கா..."

"அந்தச் செத்த மனுசன் கடைசில என்னா ஆனான் தம்பி?" என்று கேட்டார். "ரெண்டு தடவயும் பாதிதான பாத்தேன்."

சொன்னேன். கடைசியில் ஒரு நாள் அவளும் அவனோடு உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறாள். அவனுக்கு இருந்த பசி அதுதான். துணைக்கு ஆள் இல்லாமல் சாப்பிட்ட பசி. அன்று வயிறு நிறைந்து போய்விடுகிறான். வாத்து மட்டும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"நல்ல படம்தான்," என்றார். பிறகு, "அந்தப் பொம்பளைக்குன்னு ஒரு பேரு இருக்கும்ல? அது என்னா?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை ஓட்டியும் அவள் பெயரை நான் கவனிக்கவே இல்லை. தேவைப்படவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பிள்ளைகள் இருந்த பக்கம் நடந்துவிட்டார். என் மன்னிப்பு வாயிலேயே நின்றது.

அன்று துரை வீட்டுக்குப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது முதல் ரீலை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து, கீழே உள்ள எழுத்தில் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடினேன். மார்கரீத். மறுநாள் மண்டோரிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, அவரிடம் சேர்க்கச் சொன்னேன். சேர்ந்ததா என்று தெரியாது.

தம்பிகளே, படம் போடுவதற்கு முன் படத்தில் வருகிறவர்களின் பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வாயில் நுழையாவிட்டால் நாலு தடவை சொல்லிப் பாருங்கள். கூட்டம் சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. நம் கையில் இருப்பது கவர்மெண்டு மைக்.