இடி முழங்கும் பாடவேளை

கருங்கல் என்னும் ஊருக்கு அருகே நான் பணியாற்றிய மேனிலைப் பள்ளியில், ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு மதிய உணவு தொண்டையில் இறங்காது. உணவில் குறையொன்றுமில்லை. கிழக்கே மலைத்தொடரின்மேல் முகில் கூடத் தொடங்கும் நேரம் அது. என் செவிகள் இரண்டும் அங்கே போய் நின்றுகொள்ளும். தமிழாசிரியனுக்கு முகிலோடு செய்யுள் வழியாக உள்ள உறவு வேறு. இந்தப் பதற்றம் எங்கள் பள்ளிக்குக் கணினிப் பாடப்பிரிவு வந்த பின்னர் என்னைப் பற்றிக்கொண்டது.

புதிய நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பாதி கடந்திருந்தது. முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் மின்னல் தொலைபேசிக் கம்பி வழியே கணினி ஆய்வகத்துள் இறங்கி, இருந்த பொறிகளிற் பாதியைக் கருக்கிவிட்டது. எஞ்சியவற்றைக் காக்கும்பொருட்டுத் தலைமையாசிரியர் ஆணையிட்டார்: இடியோசை கேட்ட மறுகணமே ஆய்வகத்தின் மின்னிணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

துண்டிக்கும் பொறுப்பு ஆய்வக உதவியாளருடையது. பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். கருகிய பொறிகளை வண்டியில் ஏற்றி அனுப்பியவரும் அவரே. இன்னொன்று கருகினால் ஓய்வூதியத்திற் கை வைத்துவிடுவார்கள் என்று எவரோ அவரை அச்சுறுத்தியிருந்தனர். ஆகவே வாசலில், முதன்மை மின்விசையின் அருகே முக்காலியிட்டு, கை விசையின்மேலும் கண் வானத்தின்மேலுமாக அமர்ந்திருப்பார். மின்சாரம் நின்றாலும் பொறிகளைச் சற்றுநேரம் தாங்க வேண்டிய மின்கலங்கள் முன்பே செத்துக் கிடந்தன. அவர் விசையை இறக்கிய நொடியில் எல்லாத் திரைகளும் இருளும். மாணவர் எழுதிய நிரலைச் சேமித்திராவிடில் அது இல்லாமற் போகும்.

பாட அட்டவணையை வகுப்பவன் நான். காலையின் முதற் பாடவேளை தமிழுக்கு என்பது எனக்கு முன்பிருந்தவர்கள் காலந்தொட்டு வந்த வழக்கம். தெளிந்த செவிக்கே செய்யுள் சென்று சேரும் என்பது என் துணிபு. அதனாற் கணினிச் செய்முறை வகுப்பு பிற்பகலில் அமைந்தது. இடியும் பிற்பகலில்தான் வந்தது.

கணினி ஆசிரியை, பெற்றோர் ஆசிரியர் கழகம் அமர்த்திய இளம்பெண். ஒருநாள் என் மேசை முன் வந்து நின்றார்.

“ஐயா, பிப்ரவரியில பிராக்டிகல் பரீட்சை. பிள்ளைக ப்ரோக்ராம தாள்லதான் எழுதுது. ஒரு தடவயாவது ஓடவிட்டுப் பாக்கண்டாமா?”

“மழைக்காலம் முடியட்டும், அம்மா.”

“மழ முடியும்போ பாடமும் முடிஞ்சிருக்கும் ஐயா. நீங்க காலைல ஒங்க நேரத்த...”

அவர் சொல்லி முடிக்கவில்லை. நானும் கேட்காதவன்போல் ஏட்டைப் புரட்டினேன். ஆனால் அன்று முதல் என்னால் ஓரிடத்தில் அமர இயலவில்லை. ஆய்வகத்தை ஒட்டியே என் வகுப்பறை இருந்தது. உரை சொல்லிக்கொண்டிருக்கையிற் கிழக்கே உறுமல் கேட்கும். அடுத்த அறையிலிருந்து “ஐயோ” என்று ஒரே குரலில் ஓர் ஓசை எழும். நான் சொல்லிவந்த பொருளை மறந்து நிற்பேன்.

வசதியுள்ள பிள்ளைகள் கருங்கல் கடைத்தெருவிலிருந்த தனியார் பயிற்சி நிலையத்தில் மாலையிற் பழகிக்கொண்டனர். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு மாணவிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பள்ளி விட்டதும் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். தந்தை வளைகுடாவில், வீட்டிற் கணினி இல்லை. நிரல்களை மனப்பாடமாக எழுதுவாள். ஆனால் தான் எழுதிய நிரலொன்று ஓடி விடை தருவதை அவள் ஒருமுறையேனும் கண்டதில்லை. காணாமலே தேர்வறைக்குள் நுழைவாளோ என்பதுதான் ஆசிரியையின் அச்சம். அது மெல்ல எனதும் ஆயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. எனக்கு வகுப்பில்லை, ஆய்வகத் தாழ்வாரத்தில் உலவிக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பட்டணத்து மாணவியின் நிரல் பிழையின்றி ஓடத் தொடங்கியதென ஆசிரியை மகிழ்ச்சியோடு கைகாட்டினார். அவள் விசைப்பலகையில் எதையோ தட்டினாள். அப்போது மலைப்பக்கமிருந்து ‘தும்’ என்றொரு முழக்கம். உதவியாளர் கை இறங்கியது. திரைகள் இருண்டன.

“அண்ணா, அது குவாரியில பாற வெடிச்ச சத்தமாக்கும்!” என்று பின்வரிசைப் பையனொருவன் கத்தினான்.

“வெடியோ இடியோ, சத்தம் கேட்டா எறக்கணும். ஆர்டராக்கும்.”

“வானத்தப் பாருங்க. ஒரு துண்டு மேகம் கெடக்கா?”

“போன வருசம் இடி என்னட்ட சொல்லீட்டா வந்துது மக்கா?”

“அடுத்த வாரம் கோயில் திருநாளுக்கு வெடி போடுவினும். அப்பமும் எறக்குவியளா?”

“எறக்குவேன்டே. எனக்க பென்சன நீயா தருவ?”

எல்லோரும் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. விரல்களை விசைப்பலகையினின்று எடுக்காமல் இருண்ட திரையையே பார்த்திருந்தாள்.

“சேமித்து வைத்தாயா, அம்மா?” என்றேன்.

“இல்ல ஐயா. மார்க்கு கேட்டுது, அடிச்சேன். பதில் வரதுக்குள்ள...”

ஆசிரியர் அறைக்குத் திரும்பி, அட்டவணையை எடுத்து, என் காலை நேரங்களை அடித்துக் கணினி என்று எழுதினேன். எழுதிய பின்னும் எழுதுகோலை மூட மனமின்றி அடித்ததையே நோக்கிக்கொண்டிருந்தேன். வரலாற்று ஆசிரியர், என் நெடுநாள் நண்பர், தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

“என்ன ஐயா, தமிழக் கம்ப்யூட்டருக்குத் தார வாத்துக் குடுத்தாச்சா?”

“இடி விழுந்தாலும் தமிழுக்கு விசையை இறக்க வேண்டியதில்லை” என்றேன். சொல் மிடுக்காக வந்தது. நெஞ்சு அவ்வளவு மிடுக்காக இல்லை.

திங்கட்கிழமை காலை எனக்குப் போக்கிடமில்லை. செய்யுள் சொல்லும் நேரத்தில் வெறுங்கையோடு மீண்டும் அதே தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே அந்த மாணவி ஒரு வரி எழுதுவாள், சேமிக்கும் விசையை அழுத்துவாள். அடுத்த வரி, மீண்டும் அழுத்துவாள்.

“வானம் தெளிவாகத்தானே இருக்கிறது?” என்றேன்.

“வானத்த யாரு ஐயா பாத்தா? அண்ணனுக்க கையையாக்கும் பாக்குதேன்.”

“பாரு மக்களே, நல்லாப் பாரு” என்றார் முக்காலியில் இருந்தவர்.

நிரல் ஓடியது. மதிப்பெண்களைக் கேட்டது, கூட்டியது, சராசரியைச் சொன்னது. அவள் வேறு எண்களை இட்டு மறுபடியும் ஓட்டினாள். பிறகு மறுபடியும்.

பிற்பகல் தமிழ் நான் அஞ்சியதைக் காட்டிலும் கடினமாக இருந்தது. ஓட்டுக்கூரையில் மழை அறையும்போது என் குரல் முதல் வரிசையைத் தாண்டாது. பாடலைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் காட்டினேன். இடி முழங்குந்தோறும் சில பிள்ளைகளின் விரல்கள், சேமிக்கும் விசையை அழுத்துவதுபோல், மேசைமேல் ஒருமுறை தட்டி ஓய்ந்தன.

பிப்ரவரியிற் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். நான் தாழ்வாரத்துச் சாளரத்தருகே நின்றிருந்தேன். தேர்வு பாதி நடந்துகொண்டிருக்கையில் திரைகள் அணைந்தன. அறை முழுவதும் ஒருசேர வாசலைப் பார்த்தது. உதவியாளர் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“நான் தொடவே இல்ல! ஊருக்கே கரண்டு போயிட்டு!”

பிள்ளைகள் ஏன் சிரிக்கிறார்கள் என்பது தேர்வாளருக்கு விளங்கவில்லை. மின்சாரம் திரும்பியபோது, தேங்காய்ப்பட்டணத்துப் பெண் தன் கோப்பைத் திறந்தாள். கடைசி வரிவரை இருந்தது. இனி ஓட்டிக் காட்ட வேண்டியது மட்டுமே எஞ்சியிருந்தது. தேர்வாளர் அவள் பின்னே வந்து குனிந்தார்.

நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. தாழ்வாரத்தின் மறுகோடிக்குச் சென்று, அவள் வெளியே வரும்வரை கிழக்கு மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாசி வானத்தில் இடிப்பதற்கு ஒன்றுமே இல்லை.