மெரின் ட்ரெகில்லஸின் பெயரில்லா நடுவர்

குரிங்கா குன்றின் ஆய்வகத்தில் முப்பது வருடமாக நட்சத்திரங்களின் ஆயுளைக் கணக்கிட்டு வரும் டாக்டர் மெரின் ட்ரெகில்லஸ், தொலைநோக்கியில் கண் வைத்தது மொத்தம் இரண்டு தடவை. அதில் ஒரு தடவை மூடியைக் கழற்றவில்லை. அதனால் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அவருடைய நட்சத்திரங்கள் கணினிக்குள் பிறந்து, வீங்கிச் சிவந்து, செவ்வாய்க்கிழமைக்குள் செத்தும் போய்விடும். வானத்தில் இருப்பவை அவற்றோடு ஒத்துப்போகாவிட்டால், வானத்தை அளந்தவர்கள் மேல்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

அந்த மார்ச் மாதம் சந்தேகம் முழுவதும் ஒரே ஆள் மேல் குவிந்தது. எதிர் அறை நெவில் ஹார்க்னஸ்.

ஒரு கிழட்டுச் சிவப்பு நட்சத்திரத்தில் இருக்கக்கூடாத அளவுக்கு லித்தியம் இருப்பது ஏன் என்று மெரின் கட்டுரை எழுதியிருந்தார். ஜூன் முடிவதற்குள் அது ஏற்கப்படாவிட்டால் வேலை ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. இயக்குநர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஆய்வுப் பத்திரிகை வழக்கப்படி அதைச் சரிபார்க்கப் பெயர் வெளியிடாத நடுவர் ஒருவருக்கு அனுப்பியது. அந்த மகானுபாவர் பதினோரு பக்கம் குறை எழுதி, போதாததற்கு நெவிலின் மூன்று கட்டுரைகளை மேற்கோள் காட்டும்படியும் கேட்டிருந்தார். யாரை மேற்கோள் காட்டச் சொல்கிறாரோ அவரே நடுவர் என்பது, இத்துறையில் ஈர்ப்பு விதிக்கு அடுத்தபடியாக நம்பப்படும் விதி.

மெரினும் பலருக்கு நடுவர்தான். அந்த வாரம்கூட ஒரு கட்டுரை அவர் மேஜையில் காத்திருந்தது. ஆனால் அவர் நியாயமானவர். அது வேறு கதை.

"அவன்தான், லொரைன்," என்றார் அலுவலகத்தைக் கட்டி மேய்க்கும் லொரைனிடம். "தட்டச்சு பண்றப்ப முற்றுப்புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இடைவெளி விடுறான். நடுவர் அறிக்கையிலயும் ரெண்டு இடைவெளி."

"நானும்தான் ரெண்டு விடுறேன், கண்ணு. என்னையும் பிடிச்சு உள்ள போடு."

பத்தரை மணித் தேநீருக்கு எல்லோரும் கூடியபோது நெவில் கேட்டார்: "என்ன மெரின், கட்டுரை எப்படிப் போகுது?"

குற்றவாளியைத் தவிர வேறு யாருக்கு இவ்வளவு அக்கறை வரும்? மெரின் பொறி வைத்தார். அந்த நட்சத்திரத்தின் எடை சூரியனின் எடையில் 0.81 பங்கு என்பது அளந்து வைத்த விஷயம்.

"எடையை 0.87ன்னு மாத்திட்டேன், நெவில். உன்கிட்ட மட்டும் சொல்றேன்."

"அப்படியா!" என்று பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார் நெவில். அந்த முக்கலில்கூட ஒரு கள்ளத்தனம் தெரிந்தது.

இந்த எண்ணை மெரின் கட்டுரையில் எழுதப் போவதில்லை. அடுத்த அறிக்கையில் அது தலைகாட்டினால் ஆள் அகப்பட்டான். பொய்க்கு வலு சேர்க்க அவர் கணினியின் உள்ளீட்டுக் கோப்பிலும் 0.87 என்று அடித்து, கதவை அகலத் திறந்து வைத்தார். நெவில் இரண்டு தடவை கடந்துபோனார். கழிப்பறைக்காம்.

பிறகு அந்த நட்சத்திரத்தின் அறுபது கணினி மாதிரிகளையும் புதிதாக ஓட்டி, அட்டவணைகளைக் கணினியையே போடவிட்டு, திருத்திய கட்டுரையை அனுப்பினார்.

மே மாத நடுவில் இரண்டாம் அறிக்கை வந்தது. முதல் பக்கத்திலேயே 0.87. அதற்குமேல் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை. காகிதத்தோடு தேநீர் அறைக்குள் பாய்ந்தார்.

"மாட்டிக்கிட்டியா! இந்த எண்ணை உன்னைத் தவிர ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லலை!"

நெவில் கோப்பையோடு நின்றார். "எந்த எண்ணு? நான் பிஸ்கட்டைத் தவிர எதையும் எடுக்கலையே!"

லொரைன் காகிதத்தை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, நிதானமாக வாசித்தாள். "'மூன்றாம் அட்டவணையில் எடை 0.87 என்று உள்ளது. இவ்வளவு எடை இருந்தால் இந்த நட்சத்திரம் இருநூறு கோடி வருடம் முன்பே செத்திருக்கும். ஆசிரியர் ஒரு பிணத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்.' மூணாம் அட்டவணை யாரு போட்டது, கண்ணு?"

மெரின் அறைக்கு ஓடினார். கோப்பைத் திறந்தார். அங்கே 0.87 அசையாமல் உட்கார்ந்திருந்தது. நெவிலுக்கு வைத்த பொறியில் அறுபது நட்சத்திரங்கள் சிக்கி, வரிசையாக உயிரை விட்டிருந்தன. இந்தப் பிழையோடு கட்டுரை வெளியாகியிருந்தால் ஒப்பந்தம் மட்டுமல்ல, முப்பது வருடப் பெயரும் போயிருக்கும். காப்பாற்றியவர், பெயர் தெரியாத அந்தப் பாவி.

மூன்று வாரம் எல்லாவற்றையும் 0.81இல் மறுபடி ஓட்டினார். ஜூன் இருபத்தாறில் கட்டுரை ஏற்கப்பட்டது. 'பெயர் அறியாத நடுவருக்கு மனமார்ந்த நன்றி' என்ற சம்பிரதாய வரியை, தொழில் வாழ்க்கையில் முதல்முறையாகப் பல்லைக் கடிக்காமல் எழுதினார்.

கட்டுரை ஏற்கப்பட்டவர் கேக் கொண்டுவர வேண்டும் என்பது குன்றின் வழக்கம். மெரின் ஒரு தட்டு நிறைய, தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக் கொண்டுவந்து, முதலில் நெவிலிடம் நீட்டினார்.

"அன்னிக்குக் கத்தினதுக்கு மன்னிச்சிடு. நீ இல்லைதானே?"

"அதை நான் எப்படிச் சொல்றது? நடுவர் யாருன்னு சொல்லக்கூடாதே," என்றார் நெவில். "உனக்கென்ன, முடிஞ்சிடுச்சு. என் கட்டுரை மார்ச்லேர்ந்து சிக்கி நிக்குது. யாரோ ஒரு நடுவர், பன்னெண்டு பக்கம் எழுதியிருக்கார். அதுல உன்னோட கட்டுரை நாலை மேற்கோள் காட்டணுமாம்."

"அடப் பாவமே! யாரா இருக்கும்?" என்ற மெரின், நெவிலின் தட்டில் இன்னொரு துண்டை வைத்தார்.

நெவில் அதை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.